நிமிஷத்துக்கு மூன்று டீ

என்னைத் திட்டியவர்கள் நிறைய. வாத்தியார், லாரி டிரைவர், மாமனார், வீட்டுக்காரர். அவர்களில் நன்றி சொல்வதற்காக நான் தேடிப் போனது ஒரே ஒருத்தியை. அவள் பெயர் தெரியாது, முகம் தெரியாது. தன்னை முப்பத்தேழு என்று சொல்லிக்கொண்டாள்.

நான் சிமெண்ட் குடோனில் மூட்டை இறக்குகிறவன். எங்கள் செட்டில் ஆறு பேர். மேஸ்திரி ஒரு பொம்பளை, எல்லோருக்கும் அக்கா. மூட்டை தூக்குவதிலும் சரி, வாய் கொடுப்பதிலும் சரி, குடோன் வரிசையில் அவளுக்கு இணை கிடையாது. அப்புறம் வக்கீல். சட்டம் படித்தவன் இல்லை, எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெயர். அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருத்தன் பேசினால் மற்றவன் தலையாட்டுவான். அதிகம் பேசாத ஒரு பெரியவர். நான் நெட்டை.

கொக்கி கழன்று லாரியின் பின்பலகை என் இடது கைமேல் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கின. அவற்றை எடுக்காமல் தைத்துக் கொடுத்ததே பெரிய விஷயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றையிலிருந்து ஐந்து பேர் தூக்கினார்கள், ஆறு பேருக்குக் கூலி பிரித்தார்கள். நான் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, இறங்கும் மூட்டையை எண்ணிச் சொல்வேன். எண்ணத் தெரியாதவர்கள் யாரும் அந்தச் செட்டில் இல்லை. எனக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று அக்கா கொடுத்த வேலை அது. நான் எண்ணும்போதெல்லாம் முதுகில் ஒரு மூட்டை கூடுதலாக ஏறின மாதிரி இருக்கும்.

அடிபட்ட தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை தருகிற ஆபீஸ் ஒன்று இருந்தது. கை ஆறும்வரை பாதிக் கூலி, விரல் மடங்காமல் போனால் அதற்குத் தனியாக ஒரு தொகை. அதற்கு டாக்டர்கள் குழுவின் முன் கையைக் காட்ட வேண்டும். காட்டுவதற்குத் தேதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி பாரத்தில் சீல் விழுந்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் தேதி வாங்காவிட்டால் ஒன்றும் கிடையாது. காய்ச்சலில் பதினைந்து நாள் போனது. மிச்ச நாளில் பதினோரு கவுண்ட்டர் ஏறி இறங்கினேன். ஒவ்வொருத்தரும் அடுத்த கவுண்ட்டரைக் கை காட்டினார்கள். இருபத்தொன்பதாவது நாள் சாயங்காலம் கடைசிக் கவுண்ட்டரில் இருந்தவர் மட்டும் தலையை நிமிர்த்தி, "தேதியெல்லாம் போன்லதான் தர்றாங்க. நம்பர் பாரத்துல இருக்கு" என்றார்.

பாரத்தில் நம்பர் இல்லை. மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தேன். சீல் இருந்தது, டாக்டர் கிறுக்கல் இருந்தது, என் பெயர் தப்பாக இருந்தது. நம்பர் இல்லை.

மறுநாள் காலை குடோனுக்கு வந்தபோது முப்பதாவது நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு கணக்கு முடிந்துவிடும்.

"நம்பர் தேடுறதெல்லாம் ஒரு வேலையா, கொண்டா" என்று வக்கீல் அக்காவின் போனை வாங்கி, ஆபீஸ் பேரைப் போட்டான். முதலில் வந்ததே ஒரு நம்பர்தான். பக்கத்தில் காதில் மைக் மாட்டிய பெண் சிரித்துக்கொண்டிருந்த படம். "பாத்தியா, சிரிக்கிறாங்க. கவர்மெண்டு மாறிடுச்சு" என்றான்.

எங்கள் எல்லோர் போனும் காசு போட்டால் பேசுகிற போன். காசு தீர்ந்தால் வாயை மூடிக்கொள்ளும். அக்கா போன் மட்டும் மாசக் கடைசியில் பில் வருகிற போன். லாரிக்காரர்கள் எந்நேரமும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள், அது செத்துப்போகக் கூடாது என்பதற்காக அப்படி வாங்கி வைத்திருந்தாள். அதனால் அதிலேயே அடித்தோம். மணி ஒன்பது பத்து.

எடுத்ததும் ஒரு குரல் கடகடவென்று என்னவோ சொன்னது. அந்த நேரம் பார்த்து நானூறு மூட்டை லாரி ரிவர்ஸில் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் பாட்டு.

"பாட்டு வந்தா லைன்ல இருக்கோம்னு அர்த்தம். விட்டுடாத" என்றாள் அக்கா.

செட்டில் ஒரு முறை உண்டு. மூட்டை இறக்கும்போது பத்து நடைக்கு ஒருத்தர் என்று மாறி மாறி உட்கார்ந்து மூச்சு வாங்குவோம். அன்றைக்கு உட்கார வந்தவர்கள் எல்லோரும் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார்கள். எனக்கு ஒரு கையில் கட்டுப் போட்டிருந்ததால் எண்ணுகிற குச்சியை மறு கையில் வைத்துக்கொண்டு போனைப் பிடிக்க வரவில்லை. அண்ணன் பிடித்தான், தம்பி பிடித்தான், பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். மூட்டையைப் பாதி வழியில் கீழே போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. போனையும் போடவில்லை.

ஒரு மணி நேரம் தாண்டி, பாட்டு நின்று ஒரு பெண் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

"வணக்கம். முப்பத்தேழு பேசறேன். சொல்லுங்க சார்."

நான் சொன்னேன். கை, பாரம், இன்றைக்குக் கடைசி நாள், எல்லாம்.

"உங்களை ஆபீசுக்கு இணைக்கிறேன். காத்திருங்க."

மறுபடி பாட்டு. அரை மணி நேரம். அதற்குள் லாரி பாதி காலி. மறுபடி அவளே வந்தாள். நாங்கள் இன்னும் இருப்பதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"இன்னும் லைன்லதான் இருக்கீங்களா?"

"இருக்கோம்மா."

"அங்க என்ன சார் இவ்வளவு சத்தம்?"

"மூட்டை இறக்கறோம்மா. சிமெண்ட்டு. நான் இறக்கல, எனக்குக் கை இல்ல. கை இருக்கு, விரல்தான்."

அடுத்துப் பேசியபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, போனை வச்சிடுங்க. உங்க பாரத்துக்குப் பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும். அதுக்குப் பண்ணுங்க."

"பின்பக்கம் அட்டைதாம்மா இருக்கு."

"அட்டையா?"

"அட்டை."

"பாரத்தைத் திருப்பிப் பாருங்க அண்ணே."

"திருப்பிட்டேன்மா. பிஸ்கட் கம்பெனி அட்டை. பிஸ்கட் படம் இருக்கு."

இதில் பொய் எதுவும் இல்லை. சிமெண்ட் குடோனில் காகிதம் பிழைக்காது. வேர்வையும் தூசியும் சேர்ந்து இரண்டு நாளில் மாவாக்கிவிடும். அதனால் நாங்கள் எல்லோரும் முக்கியமான காகிதத்தை அட்டையில் ஒட்டித்தான் வைப்போம். என் பாரத்தை என் மனைவி, மைதா பசை காய்ச்சி, சுருக்கம் இல்லாமல் தடவி, நாலு மூலையும் நகத்தால் அழுத்தி ஒட்டிக் கொடுத்திருந்தாள். பின்பக்கம் எழுத்து இருக்கும் என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. காகிதத்துக்கு ஒரு பக்கம்தான் என்று பழகிவிட்டோம்.

முப்பத்தேழுக்கு இது எப்படித் தெரியும்? நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் விடவில்லை.

"அண்ணே, சொல்றதைக் கேளுங்க. இது ஆபீஸ் இல்ல. நாங்க சும்மா இணைச்சுதான் விடறோம். தயவு செஞ்சு வைங்க."

பதினோரு கவுண்ட்டரிலும் நான் கேட்ட அதே வார்த்தை. இது இங்கே இல்லை, அங்கே போ. எனக்குள் என்னவோ கெட்டியாகிவிட்டது.

"வைக்க மாட்டேம்மா. இங்கதான் இருப்பேன். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

"அப்படிச் சொல்லு" என்றான் வக்கீல். "வைக்கச் சொல்ல இவங்களுக்கு ரைட்ஸ் இல்ல. லைன் நம்மளது."

"புரிஞ்சுக்கோங்க அண்ணே. என்னால இதுக்கு மேல சொல்ல முடியாது. இங்க கேட்டுக்கிட்டிருப்பாங்க."

"கேக்கட்டும்மா. நாலு பேர் கேக்கட்டும். எனக்குத் தேதி வேணும்."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் அவள் குரல் அப்படியே மாறியது. வேறு யாரோ வந்து பேசின மாதிரி.

"ஏய்யா, ஒருதடவ சொன்னா அறிவுல ஏறாதா? மூட்டை தூக்கித் தூக்கி மண்டையிலயும் சிமெண்ட்டு ஏறிப்போச்சா? உன்னை மாதிரி ஆளுங்களோட பேசறதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க? வைய்யா போனை."

அண்ணன் தோளில் மூட்டையோடு அப்படியே நின்றான். அக்கா தலைச்சும்மாட்டை அவிழ்த்துக் கீழே வைத்தாள். அவள் சும்மாட்டை அவிழ்த்தால் எதிரே இருக்கிறவன் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. போனை என் மடியிலிருந்து எடுத்தாள்.

"யாருடி நீ? உக்காந்த எடத்துல காத்து வாங்கிட்டு, தூக்கறவனப் பத்தி பேசறியா? இந்த மண்டையில இருக்கற சிமெண்ட்டுலதாண்டி உன் ஆபீசு சுவரு நிக்குது. உன் பேரு தெரியாட்டிப் போவுது, நம்பரு இருக்கு. முப்பத்தேழு. பாத்துக்கறேன் உன்னை."

அக்கா போனை வைத்துவிட்டாள். மணி பதினொன்று இருபத்து நாலு.

"இவ மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்கணும்" என்றாள். மூச்சு வாங்கியது. "பெரிய ஆபீசர்கிட்டயே குடுக்கணும். அந்த நம்பர் எங்க?"

"பாரத்துக்குப் பின்பக்கம் இருக்குன்னு அவளே சொன்னாளே" என்றான் தம்பி. அவன் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

எல்லோரும் அட்டையைப் பார்த்தோம்.

லாரியை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனோம். டிரைவர் கத்தினான், யாரும் திரும்பவில்லை. பெரியவர் முழங்கையால் எங்களை விலக்கிவிட்டு உட்கார்ந்தார். சிமெண்ட் சாக்கில் ஒட்டியிருக்கும் லேபிளை முழுசாக உரித்து எடுத்துப் பேரனுக்குப் பட்டம் ஒட்டிக் கொடுக்கிறவர் அவர். அட்டையைத் தண்ணீரில் முக்காமல், உள்ளங்கையில் நீர் எடுத்து ஓரத்தில் மட்டும் வைத்து வைத்துக் காத்திருந்தார்.

"சீக்கிரம்யா" என்றான் வக்கீல்.

"கிழிஞ்சா நீ ஒட்டுவியா?"

என் மனைவி நன்றாக ஒட்டுகிறவள். அன்றைக்கு அவள் கைவேலையை நான் மனசுக்குள் திட்டினேன். சீல் இருக்கிற இடம் கிழிந்தால் எல்லாம் போச்சு. ஒரு மூலை எழும்பியது. அப்புறம் ஒரு விரல் அகலம். கால் மணி நேரத்தில் காகிதம் ஈரத்தோடு கையில் வந்தது, நோயாளியைத் தூக்குகிற மாதிரி இரண்டு பேர் அதைத் தாங்கினார்கள். பின்பக்கம் நிறைய எழுத்து. நடுவில் பெட்டி கட்டி ஒரு நம்பர். பக்கத்தில், இந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அக்காதான் பேசினாள். ஆறே நிமிஷத்தில் ஒரு ஆள் எடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் முப்பத்தேழைப் பற்றி முழுக் குற்றச்சாட்டையும் இறக்கினாள், நானூறு மூட்டையையும் ஒரே நடையில் இறக்குகிற மாதிரி. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல ஆளுங்களுக்கு நம்பர் கிடையாது. நீங்க எந்த நம்பருக்குப் பண்ணீங்க?"

வக்கீல் படித்துக் காட்டினான்.

"அது தனியார் கம்பெனிம்மா. நம்ம நம்பருக்கு இணைச்சு விடறேன்னு சொல்லி நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க." தொகையைச் சொன்னார். குடோன் பக்கத்து டீக்கடையில் மூன்று டீ விலை. "எவ்வளவு நேரம் பேசினீங்க?"

அக்கா போனை என் கையில் திணித்தாள். அவர் அதை மறுபடி கேட்கவில்லை. பாரம் யாருடையது என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன், பாரத்தில் இருந்த தப்பான பெயரையும் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குக் கடைசி நாள், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"வர்ற வியாழக்கிழமை, காலையில பத்து மணி. அசல் பாரம் கொண்டு வாங்க. ஈரம் கீரம் படாம பாத்துக்கோங்க."

அசல் பாரம் அப்போது வக்கீலின் பனியன்மேல் காய்ந்துகொண்டிருந்தது. அவன் மூச்சை அடக்கி நின்றான்.

போனை வைத்ததும் நான் குழாயடித் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேதி கிடைத்துவிட்டது. கூலி பிரிக்கும்போது இனி நான் தலையைக் குனிய வேண்டாம். அதைத் தவிர வேறு எதுவும் அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

வக்கீல்தான் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். நூற்று முப்பத்து நாலு நிமிஷம். நிமிஷத்துக்கு மூன்று டீ. என் பத்து நாள் கூலி. பாட்டு கேட்டதற்கு.

"அஞ்சு மணி வரைக்கும் புடிச்சிருந்தா?" என்று அண்ணன் கேட்டான்.

வக்கீல் மறுபடி விரல் மடக்கினான். "ஒரு மாசத்துக்கும் மேல. தேதியும் கெடச்சிருக்காது."

அக்கா சும்மாட்டைத் தலையில் வைக்கப் போனவள் நிறுத்தினாள். சிமெண்ட் படிந்த அவள் முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

"நெட்டை, அவ நம்மள தொரத்துனாடா" என்றாள். "நல்லவிதமா சொல்லிப் பாத்தா, நாம கேக்கல. காசு போவுதுன்னு வாயால சொல்ல முடியல, எவனோ கேட்டுக்கிட்டிருக்கான். கடசில கல்லெடுத்து மாட்டை வெரட்டற மாதிரி வெரட்டிட்டா."

"நாம மாடுங்கற" என்றான் வக்கீல்.

"மாடு சீக்கிரம் போயிருக்கும்."

அக்கா சொன்னது எனக்கும் அப்போதுதான் புரிந்தது. எங்களைப் பிடித்து வைத்திருக்கத்தான் அவளுக்குச் சம்பளம். நாங்கள் எவ்வளவு நேரம் தொங்குகிறோமோ அவ்வளவும் அவள் கம்பெனிக்கு லாபம். அதில் அவளுக்கும் ஏதாவது சில்லறை இருக்கும். அதை விட்டுவிட்டு, ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, முன்பின் தெரியாத ஒரு மூட்டைக்காரனுக்காக வசவு வாங்கிக் கட்டிக்கொண்டாள். என்னை ஒரு தடவையாவது அண்ணே என்று கூப்பிட்ட ஆபீஸ் குரல் அது ஒன்றுதான்.

மாசக் கடைசியில் பில் வந்தது. நான் கட்டுகிறேன் என்றேன். "முறை போட்டுத்தானே புடிச்சோம். முறை போட்டுத்தான் கட்டணும்" என்றாள் அக்கா. வக்கீல் கூட வாதாடவில்லை. என் மனைவி பில்லைப் பார்த்து, "எல்லாம் என் பசையால வந்தது" என்று அழுதாள். பசை இல்லாவிட்டால் பாரமே பத்து நாள் தாங்கியிருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியே இருந்தாலும் இனி எதையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவேன் என்றாள். சரியான நம்பரைக் குடோன் சுவரில் ஆள் உயரத்துக்குத் தாரால் எழுதி வைத்தோம். பக்கத்துச் செட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சொன்ன வியாழக்கிழமை மூன்று டாக்டர்கள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு விரலும் இனி முழுசாக மடங்காது என்று எழுதினார்கள். மறு மாசம் தொகை கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே அக்காவிடம், "ஒரு போன் பண்ணணும்" என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

"அந்த நம்பருக்கா? பைத்தியமாடா உனக்கு?" என்றான் வக்கீல். அப்புறம் அவனே வழி சொன்னான். "வேலை நாள்ல பண்ணா பாட்டுப் போட்டே கொன்னுடுவான். சனிக்கிழமை மத்தியானம் பண்ணு. ஆபீஸ் லீவு. எவனும் கூப்பிட மாட்டான், உடனே எடுப்பாங்க."

சனிக்கிழமை மத்தியானம் கடைசி லாரி போன பிறகு அடித்தேன். இந்தத் தடவை சத்தம் இல்லை. அந்தக் கடகடக் குரல் நிமிஷத்துக்கு எவ்வளவு என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. ஒரு ஆண் எடுத்தான். "இருபத்திரண்டு பேசறேன்." வைத்துவிட்டேன். மூன்று டீ போயிற்று. மறுபடி அடித்தேன். வேறு ஒரு பெண். வைத்துவிட்டேன். ஆறு டீ.

"இன்னும் ஒருதடவ" என்றாள் அக்கா. "அப்புறம் விட்டுடணும்."

"வணக்கம். முப்பத்தேழு பேசறேன். சொல்லுங்க சார்."

இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் போய்விட்டது.

"அம்மா, நான் சிமெண்ட்டு. பாரத்துல அட்டை ஒட்டினவன். நீங்க திட்டினீங்களே. தேதி கெடச்சிடுச்சும்மா. தொகையும் வந்திடுச்சு. நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன். எங்க அக்கா ஏதோ பேசிடுச்சு, அதை மனசுல வச்சுக்காதீங்க."

தூரத்தில் வேறு யாரோ, காத்திருங்க, காத்திருங்க என்று யாரிடமோ சொல்வது மட்டும் கேட்டது.

"இன்று அலுவலகம் விடுமுறை சார்" என்றாள் புத்தகம் படிக்கிற மாதிரி. அப்புறம், உதட்டுக்குள்ளேயே, "கை எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா. மூணு விரல் நல்லா மடங்குது. மத்த ரெண்டும்..."

கட்டாகிவிட்டது.

நான் போனைப் பார்த்தேன். அக்கா எட்டி வாங்கிப் பார்த்தாள். ஐம்பத்து நாலு விநாடி.

"நிமிஷம் முடியறதுக்குள்ள வச்சிட்டா" என்றான் தம்பி.

"அரை நிமிஷம் பேசினாலும் அவன் முழு நிமிஷமாத்தான் போடுவான்" என்றான் வக்கீல். "ஆனா ரெண்டாவது நிமிஷம் போட முடியாது."

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறாளா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. நல்ல வேலை இல்லை, வேறு எங்காவது போனால் தேவலை என்று நான் சொன்னேன்.

"போவக்கூடாதுடா" என்றாள் அக்கா. "அவ அங்க இருக்கற வரைக்கும் நம்மள மாதிரி நாலு பேராவது திட்டு வாங்கிட்டு போனை வைப்பாங்க."